பழைய கைக்கணினியில் இன்றைய ஒலிக்கோப்புகளை ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் என் திருத்த மேசைக்கு வரும் பழைய கைக்கணினிகளில் அனேகமானவை வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பொதிகளின் அடியில் கிடந்தவை. கொண்டுவருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: கைப்பேசியில் இருப்பதை இதில் போட்டுக் கேட்க முடியுமா? முடியும். ஆனால் எல்லோரும் கோப்பிலிருந்து தொடங்குகிறார்கள். கையில் அகப்பட்ட மென்பொருளில் ஐம்பது பாட்டை எம்பி3 ஆக்கி முடித்த பிறகுதான் கைக்கணினியையே திறந்து பார்க்கிறார்கள்.

வேலை எதிர்த்திசையில் நடக்க வேண்டும். எந்திரம் எதை வாசிக்கும், கார்ட் எவ்வளவு கொள்ளும், ஸ்பீக்கர் எதை ஒலிக்கும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கோப்பைத் தொட வேண்டும். கீழுள்ள ஒழுங்கு அப்படித்தான் போகிறது. எடுத்துக்காட்டுக்கு, விடிய விடிய நடந்த ஒரு கோவலன் கூத்தின் ஒலிப்பதிவை வைத்துக்கொள்கிறேன். அண்ணாவியாரின் (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) குரல், மத்தளம், தாளம் மூன்றும் அதில் இருப்பதால் எந்தத் தவறும் உடனே காதில் படும்.

1. எந்திரம் எந்த வகை என்று பாருங்கள்

பின்புறம் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம்.

பாம் நிறுவனத்தின் கைக்கணினி என்றால், பாம் ஓஎஸ் 5 என்ற இயங்குதளம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 2003இல் வந்த டங்ஸ்டன் ஈ அந்த வகை. எம்பி3 நன்றாக ஓடும். அதற்கு முந்திய எம்500 போன்றவற்றில் இருப்பது 33 மெகாஹேர்ட்ஸ் டிராகன்பால் செயலி. அது 'பீப்' என்று ஒலி எழுப்பும், அவ்வளவுதான். கோப்பை எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் அதில் பாட்டுக் கேட்க முடியாது. இதைச் சொன்னதும் சிலர் முகம் வாடிவிடுகிறது. ஒரு நாள் முழுவதும் மினக்கெட்ட பிறகு வாடுவதைவிட இது மேல்.

கொம்பாக் ஐபாக் 3600 வரிசை 2000இல் வந்தது. 206 மெகாஹேர்ட்ஸ் ஸ்ட்ரோங்ஆம் செயலி. கூடவே வரும் விண்டோஸ் மீடியா பிளேயர் எம்பி3 வாசிக்கும். ஆனால் அதன் உடலில் கார்ட் செருக இடமில்லை. முதுகில் கொளுவும் கொம்பக்ட் ஃபிளாஷ் உறை தனியாக வேண்டும். பொதியில் உறை வரவில்லையென்றால் முதலில் அதைத் தேடுங்கள்.

சையன் வகை தனி உலகம். 1993இல் வந்த தொடர் 3ஏ, 1997இல் வந்த தொடர் 5, 1999இல் வந்த 5எம்எக்ஸ் ஆகியவைதான் இங்கே கண்ணில் படுபவை. இவற்றின் ஒலி ஏ-லோ என்ற வடிவம்; அதில் ஒலியலை விநாடிக்கு 8000 தடவை அளந்து, 8000 மாதிரிகளாகப் பதியப்படுகிறது. 5எம்எக்ஸின் செயலியே 36 மெகாஹேர்ட்ஸ்தான். எம்பி3 எதிர்பார்க்க வேண்டாம். தொடர் 5இல் ஹெட்போன் துளையும் கிடையாது. உள்ளே இருக்கும் சிறிய ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு தகவலே பின்னால் செய்யப்போகும் பாதி வேலையைத் தீர்மானிக்கிறது.

2. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

கணினியில் ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் வேண்டும். சையன் தொடர் 5 வைத்திருப்பவர்கள் ஒலிக்கோப்பின் வடிவத்தை மாற்றும் சொக்ஸ் என்ற சிறிய கருவியையும் இறக்கிக்கொள்ள வேண்டும். எம்4ஏ, ஓபஸ் கோப்புகளை ஒடாசிட்டி திறக்க மறுத்தால் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக நிறுவுங்கள். இணைய இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்தில் இவற்றையெல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

மின்கலத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். டங்ஸ்டன் ஈ, ஐபாக் 3600 இரண்டிலும் நீங்கள் நிறுவும் மென்பொருள் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவகத்தில் நிற்கும். மின்கலம் முற்றாக இறங்கினால் எல்லாம் துடைத்துப் போய்விடும். இருபது வருட மின்கலம் மின்வெட்டு வந்த ஓர் இரவைக்கூடத் தாங்காமல் போகலாம். ஆகவே வாசிப்பு மென்பொருளின் நிறுவல் கோப்பை கார்டிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். சையன் தொடர் 5க்கு இந்தத் தலையிடி குறைவு. இரண்டு ஏஏ மின்கலங்கள் போதும். கூடவே இருக்கும் சிஆர்2032 காசு மின்கலம் நினைவகத்தைக் காக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் இருந்தால் சரி.

வாசிப்பு மென்பொருளைப் பொறுத்தவரை, டங்ஸ்டனுக்கு பொக்கெட் டியூன்ஸ் அல்லது டிசிபிஎம்பி எடுக்கலாம். டிசிபிஎம்பி ஐபாக் வகைக்கும் உண்டு. இன்றைய விண்டோஸ் கணினியுடன் இந்த எந்திரங்களை வயர் மூலம் இணைக்கப் போராட வேண்டாம். டங்ஸ்டனுக்கான நிரலை கார்டில் பாம் என்ற கோப்புறைக்குள் லோஞ்சர் என்ற கோப்புறையில் வைத்தால் எந்திரமே அதைக் கண்டுகொள்ளும். ஐபாக்கில் நிறுவல் கோப்பைத் திரையில் தட்டினாலே நிறுவிக்கொள்ளும்.

3. கார்டை ஆயத்தம் செய்யுங்கள்

ஒலியைத் தொடுமுன் கார்டை முடித்துவிடுங்கள். கார்டை எந்திரம் ஏற்காவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண்.

கடையில் இன்று கிடைக்கும் 16, 32 ஜிகாபைட் கார்டுகள் எஸ்டிஎச்சி வகை. அந்தத் தரம் 2006இல்தான் வந்தது. அதற்கு முந்திய எந்திரத்துக்கு அது புரியாது. 2 ஜிகாபைட்டுக்கு மேற்படாத சாதாரண எஸ்டி கார்ட்தான் வேண்டும். பழைய பொத்தான் கைப்பேசிகளில் கிடந்த 1 ஜிகாபைட் மைக்ரோ எஸ்டி கார்டுகள் வன்னி முழுக்கத் திருத்தகங்களின் லாச்சிகளில் கிடக்கின்றன. அதை எஸ்டி உறையில் போட்டால் டங்ஸ்டனுக்குத் தாராளம்.

கார்டை ஃபாட்16 முறையில் வடிவமைக்க (ஃபோர்மட் செய்ய) வேண்டும். விண்டோஸ் பட்டியலில் அது வெறும் 'ஃபாட்' என்று இருக்கும். 'ஃபாட்32', 'எக்ஸ்ஃபாட்' இரண்டையும் தவிருங்கள். ஃபாட்16 கார்டின் முதன்மைக் கோப்புறையில் 512 பதிவுகளுக்குத்தான் இடம். நீண்ட பெயர் ஒவ்வொன்றும் பல பதிவுகளை விழுங்கும். கார்டில் பாதி இடம் வெறுமையாக இருக்கும்போதே 'கார்ட் நிரம்பிவிட்டது' என்று செய்தி வருவது இதனால்தான். எல்லாவற்றையும் ஒரு கோப்புறைக்குள் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

ஐபாக் உறையிலோ சையன் தொடர் 5இலோ கொம்பக்ட் ஃபிளாஷ் கார்டைச் செருகும்போது அவசரம் கூடாது. துளைக்குள் 50 ஊசிகள் இருக்கின்றன. சரிவாகத் தள்ளினால் ஒன்று மடங்கும். மடங்கிய ஊசியைப் பூதக்கண்ணாடி வைத்து நிமிர்த்துவது பெரும் பாடு. நம் பக்கத்துப் புழுதி துளைக்குள் இறுகியிருந்தால் முதலில் தூரிகையால் தட்டி எடுங்கள். கார்ட் பாதியில் நின்றால் மேற்கொண்டு அழுத்தாமல் வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

தொடர் 3ஏக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அதற்குச் சையனின் சொந்த நினைவகத் தட்டும், கணினியுடன் இணைக்க சீரியல் கேபிளும் வேண்டும்.

4. மூலக்கோப்பைத் தேடிப் பிடியுங்கள்

வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் வடிவில் இருக்கும். ஐபோன் பதிவு எம்4ஏ. இரண்டும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. சுருக்கியதை எம்பி3 ஆக்கி, அந்த எம்பி3ஐ மறுபடி வேறொன்றாக்கினால் ஒவ்வொரு முறையும் ஒலியில் கொஞ்சம் உதிர்ந்துகொண்டே போகும். தாளச் சத்தம் முதலில் சிதறும். பிறகு பாட்டின் 'ச', 'ஷ' ஒலிகள் நீர் கொதிப்பதுபோல் கேட்கும்.

ஆகவே கிடைக்கக்கூடிய மிக முந்திய பிரதியிலிருந்து ஒரேயொரு தரம் மாற்றுங்கள். டொரோண்டோவில் உள்ள மாமா கசெட்டிலிருந்து எடுத்த, சுருக்கப்படாத வேவ் கோப்பை வைத்திருக்கிறார் என்றால், அதை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதைக் குரல் செய்தியாகப் பிடித்து அனுப்புபவர்களும் இருக்கிறார்கள்; பணிவாக மறுத்துவிடுங்கள்.

மூலத்தை அப்படியே இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். நாம் செய்யப்போவது ஒருவழிப் பாதை. 8000 மாதிரிக்கு இறக்கிய கோப்பிலிருந்து பழைய ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

5. ஒலியைச் செப்பனிடுங்கள், ஒழுங்கு மாறக் கூடாது

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். முன்னது பின்னதாகச் செய்வதால்தான் கெடுகிறது.

அ. மோனோ ஆக்குதல், அதாவது இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்குதல். இதற்கு முன் இரண்டு பக்க அலைகளையும் கண்ணால் பாருங்கள். கசெட்டிலிருந்து வந்த பதிவில் ஒரு பக்கம் செத்துப்போய் வெறும் இரைச்சலாக இருப்பது சாதாரணம். அந்த நிலையில் இரண்டையும் கலந்தால் குரல் பாதியாகும், இரைச்சல் கூடும். ஸ்டீரியோவைப் பிரித்து, நல்ல பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் கலந்ததும் அண்ணாவியாரின் குரல் காணாமல் போனால், ஒரு பக்க அலை தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு பக்கத்தை 'இன்வேர்ட்' செய்துவிட்டுக் கலந்தால் குரல் திரும்பி வரும்.

ஆ. அடி ஒலியை வெட்டுதல். குறித்த அளவுக்குக் கீழ் உள்ள ஒலியை வெட்டும் ஹை-பாஸ் வடிகட்டியைச் சையனுக்கு 250 ஹேர்ட்ஸிலும், ஹெட்போனில் கேட்கும் டங்ஸ்டன், ஐபாக் வகைக்கு 80 ஹேர்ட்ஸிலும் வைக்கிறேன். சையனின் ஸ்பீக்கரால் மத்தளத்தின் 'தொம்' ஒலியை எழுப்பவே முடியாது. எழுப்ப முடியாததைக் கோப்பில் வைத்திருந்தால் அது வீணாக அளவைப் பிடித்துக்கொண்டு குரலை அமுக்கும். மத்தளத்தை வெட்டிவிட்டீர்களே என்று கூத்துப் பழகியவர்கள் கோபிப்பார்கள். வெட்டினாலும் தோலில் விரல் படும் 'தக்' ஒலி நிற்கும். தாளக்கட்டைப் பின்தொடர அது போதும்.

இ. கொம்பிரஸர். கூத்துக் களரியில் ஆட்டக்காரர் ஒலிவாங்கிக்குக் கிட்ட வருவார், விலகிப் போவார். அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்காவிட்டால் பாதிப் பாட்டு கேட்காது. விகிதம் 3க்கு 1 போதும். அதற்கு மேல் போனால் பாட்டுக்கு இடையே உள்ள ஜெனரேட்டர் சத்தம் மேலெழும்பும். வடிகட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மத்தளத்தின் ஒவ்வோர் அடிக்கும் கொம்பிரஸர் குரலை அழுத்திவிடும்.

ஈ. மாதிரி வீதத்தை இறக்குதல். சையனுக்கு 8000. மற்ற இரண்டுக்கும் பேச்சு, கூத்து என்றால் 22050. ஆர்மோனியமும் தாளமும் தெளிவாக வேண்டுமென்றால் 44100. கைப்பேசிக் காணொளியிலிருந்து எடுத்த ஒலி பெரும்பாலும் 48000இல் இருக்கும்; அதையும் இறக்கிவிடுங்கள்.

மாதிரி வீதத்தில் பாதிக்கு மேற்பட்ட மீடிறன்களுக்கு (அதிர்வெண்களுக்கு)க் கோப்பில் இடமில்லை. 8000 என்றால் 4000 ஹேர்ட்ஸோடு முடிந்தது. தாளத்தின் மினுக்கம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது, ஆகவே சையனில் அது மங்கித்தான் கேட்கும். ஒடாசிட்டி இறக்கும்போதே மேல் மீடிறன்களைத் தானாக வடித்துவிடும். வேறு மென்பொருளில் செய்து தகரத்தைக் கீறுவதுபோன்ற ஒலி வந்தால், அது வடிக்கவில்லை என்று பொருள். முதலில் மேல் ஒலியை வெட்டும் லோ-பாஸ் வடிகட்டியை 3500 ஹேர்ட்ஸில் போட்டுவிட்டு இறக்குங்கள்.

உ. உச்ச அளவைச் சீராக்குதல். 'நோர்மலைஸ்' கட்டளையில் மைனஸ் 3 டெசிபெல். இது கடைசி வேலை. வடிகட்டுவதும் மாதிரி வீதம் இறக்குவதும் அலையின் உச்சங்களை இடம் மாற்றும். முதலிலேயே அளவை முட்ட நிரப்பிவைத்தால் பிறகு சில உச்சங்கள் எல்லை தாண்டி உடையும். அளவு குறைவாக இருப்பதும் கேடுதான். ஏ-லோவில் மாதிரிக்கு 8 பிட் மட்டுமே, எனவே தாழ்ந்த பதிவில் இரைச்சல் குரலோடு ஒட்டிக்கொள்ளும்.

6. டங்ஸ்டன், ஐபாக் வகைக்கு ஏற்றுமதி

எம்பி3, மோனோ, விநாடிக்கு 64 கிலோபிட், பாட்டு முழுக்க மாறாத பிட் வீதம். இதை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

மாறும் பிட் வீதத்தில் இடம் மிச்சப்படும் என்பது உண்மை. ஆனால் பழைய வாசிப்பு மென்பொருள் நேரத்தைத் தவறாகக் காட்டும். நடுவில் ஓரிடத்துக்குத் தாவினால் வேறெங்கோ போய் நிற்கும். மாதிரி வீதத்தை 8000, 11025 என்று இறக்கிய எம்பி3யும் வேண்டாம். அது எம்பி3 தரத்தில் பின்னர் ஒட்டிய பகுதி. சில பழைய மென்பொருட்கள் அதை அறியா.

64 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் 28.8 மெகாபைட். ஆறு மணி நேரக் கூத்து 173 மெகாபைட்டுக்குள் அடங்கும். 'வேவ் போட்டால் தரம் குறையாதே, அண்ணா' என்று கணினி படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். 44100 ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட். கார்டை ஓயாமல் வாசிப்பதால் மின்கலமும் விரைவில் இறங்கும். பழைய கசெட்டில் இல்லாத தரத்தை வேவ் கொண்டுவரப் போவதுமில்லை.

அப்படியும் வேவ்தான் வேண்டுமென்றால் 16 பிட்டைத் தெரிவு செய்யுங்கள். ஒடாசிட்டி உள்ளே 32 பிட் தசம வடிவில் வேலை செய்கிறது. அதே வடிவில் வெளியே எடுத்தால் பழைய எந்திரம் கோப்பைத் திறக்காது, அல்லது வெறும் இரைச்சலை எழுப்பும்.

7. சையனுக்கு ஏற்றுமதி

தொடர் 3ஏக்கு ஒடாசிட்டியே போதும். ஏற்றுமதியில் 'பிற சுருக்கப்படாத கோப்புகள்' என்ற வகைக்குள் சையன் தொடர் 3 என்ற தலைப்பு இருக்கும், குறியீடு ஏ-லோ. ஏற்றுமதிப் பெட்டியில் மாதிரி வீதம் 8000 என்று இருக்கிறதா என இன்னொரு தரம் பாருங்கள். அந்தக் கோப்பின் தலைப்பில் மாதிரி வீதம் எழுதப்படுவதில்லை. 44100இல் விட்டுவிட்டால் எந்திரம் அதை 8000 என்றே எண்ணி ஐந்தரை மடங்கு மெதுவாக ஓட்டும். கண்ணகி வழக்குரைக்க விடிந்துவிடும்.

தொடர் 5, 5எம்எக்ஸ் வகைக்கு அந்தக் கோப்பு உதவாது. அவற்றில் உள்ள ரெக்கோர்ட் என்ற ஒலிப்பதிவு நிரலுக்கு வேறு வடிவம் வேண்டும். ஒடாசிட்டியில் 8000 மாதிரி, மோனோ, 16 பிட் வேவ் எடுத்து, சொக்ஸில் பிஆர்சி வகைக்கு மாற்றுங்கள். டங்ஸ்டனுக்கான நிரல்களின் பின்னொட்டும் பிஆர்சிதான். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒரே கோப்புறையில் இரண்டையும் வைத்துக்கொண்டு குழம்பாதீர்கள்.

சொக்ஸ் வேறெதுவும் சொல்லாவிட்டால் ஏ-லோவில் எழுதும். அப்படியே விடுங்கள். இடம் பாதியாகும் என்று ஏடிபிசிஎம் என்ற இன்னும் சுருக்கிய வடிவத்தைத் தெரிவு செய்பவர்கள் உண்டு. ரெக்கோர்ட் நிரல் 800 மாதிரிகளுக்கு ஒருமுறை அதை மறுதொடக்கம் செய்வதால் விநாடிக்குப் பத்துத் தடவை 'டிக்' என்று கேட்கும்.

வேவ் கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றிவிட்டு முயல்வதும் வீண். தொடர் 5 பெயரைப் பார்ப்பதில்லை. கோப்பின் தலைப்பில் உள்ள அடையாள எண்ணைப் பார்க்கிறது. நீண்ட பதிவை ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். விட்ட இடத்தைத் தேடும் வசதி அதில் குறைவு.

8. பெயர், படம், கோப்புறை

கோப்புக்குத் தமிழில் பெயரிட மனம் வரும். இந்த எந்திரங்களில் தமிழ் எழுத்துரு இல்லை. கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் தெரியும். சில வேளை கோப்பே திறக்காது. இரண்டு இலக்க எண், அதன் பிறகு ஆறு ஆங்கில எழுத்துகளுக்கு மேற்படாத பெயர். 1, 2 என்று இடாமல் 01, 02 என்று இடுங்கள். இல்லாவிட்டால் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். எந்த எண் எந்தப் பாட்டு என்பதை ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்தால் முடிந்தது.

எம்பி3க்குள் ஒட்டியிருக்கும் அட்டைப் படத்தை அகற்றுங்கள். அது கோப்பின் தலையில் உட்கார்ந்திருக்கும். ஒலியை அடையுமுன் எந்திரம் அதைக் கடந்தாக வேண்டும். படம் பெரிதென்றால் சில மென்பொருட்கள் அங்கேயே உறைந்துவிடும்.

டங்ஸ்டனில் ஆடியோ என்ற கோப்புறை, ஐபாக்கில் கார்டிலுள்ள மை டொக்கியூமென்ட்ஸ் கோப்புறை. பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள். சில மென்பொருட்கள் பெயர் வரிசையைக் கவனியாமல், ஏறிய வரிசையிலேயே ஓட்டும்.

9. முப்பது விநாடியில் பரீட்சித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்

முழுக் கூத்தையும் மாற்றுமுன் முப்பது விநாடித் துண்டு ஒன்றை எடுங்கள். சாந்தமான இடத்தை எடுக்காதீர்கள். தாளமும் மத்தளமும் பக்கப்பாட்டும் ஒன்றாக எழும் இடமே நல்ல பரீட்சை. அதை எந்திரத்தில் போட்டு, நீங்கள் கேட்கப்போகும் இடத்தில் வைத்தே கேளுங்கள். அமைதியான அறையில் நன்றாகக் கேட்டது திண்ணையில் மின்விசிறிக்குக் கீழே கேட்காமல் போகலாம். குரல் அமுங்கினால் கொம்பிரஸருக்குத் திரும்புங்கள். மூக்கால் பாடுவதுபோல் இருந்தால் ஹை-பாஸைக் கொஞ்சம் இறக்குங்கள்.

சரி வந்ததும் அதே ஒழுங்கை ஒடாசிட்டியில் 'மெக்ரோ' (கட்டளைத் தொடர்) ஆகச் சேமித்து மற்றக் கோப்புகளுக்கு ஓட்டுங்கள்.

10. ஓடாவிட்டால் பார்க்க வேண்டியவை

விட்டு விட்டு ஓடினால் முதலில் பிட் வீதத்தையும் மாதிரி வீதத்தையும் பாருங்கள். அவை சரியென்றால் கார்டை வடிவமைத்து மறுபடி ஏற்றுங்கள். பலமுறை அழித்து எழுதிய கார்டில் ஒரு கோப்பின் துண்டுகள் அங்குமிங்கும் சிதறியிருக்கும். பின்னணியில் வேறு நிரல் ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஐபாக்கில் குறிப்பாக. அதில் ஒரு நிரலை விட்டு வேறொன்றுக்குப் போனாலும் முந்தியது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால் மாதிரி வீதம் தவறு. வேறு காரணம் தேட வேண்டாம்.

ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் கேட்டால் கோப்பைக் குறை சொல்லுமுன் துளையைச் சுத்தம் செய்யுங்கள். ஒலிவாங்கியோடு வரும், செருகியில் நான்கு உலோகப் பகுதிகள் கொண்ட கைப்பேசி ஹெட்போன்கள் பழைய துளையில் சரியாகத் தொடாமல் குரலை மட்டும் விழுங்குவதும் உண்டு. மூன்று உலோகப் பகுதிகள் மட்டும் உள்ள சாதாரணச் செருகி போட்டுப் பாருங்கள்.

பாட்டு பாதியில் நின்றால், கோப்பு கார்டில் முழுமையாக எழுதப்படவில்லை. கணினியில் 'பாதுகாப்பாக அகற்று' கொடுக்காமல் கார்டை இழுத்தெடுத்திருப்பார்கள், அல்லது ஏற்றும்போது மின் போயிருக்கும். கணினியில் உள்ள கோப்பின் அளவையும் கார்டில் உள்ளதன் அளவையும் ஒப்பிடுங்கள். அளவு ஒன்றாக இருந்தும் நின்றால் அந்தப் பிரதியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் நின்றால் வேறு கார்டை எடுங்கள்.